வெறுங்கதிரைக்குப் பூமாலை

சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி தீவகத்துக்கு ஒன்றும் செய்யவில்லையாம். பதினொரு வருடம் சபாநாயகர் கதிரையில் வாய்மூடி இருந்தாராம். வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்கிக்கொண்டு போனாராம். ஆகவே வேலணை மத்திய கல்லூரிக்கு அவர் பெயர் இருக்கக் கூடாதாம். ரொறன்ரோவில் அச்சான ஊர்ச் சங்க மலர் ஒன்றில் வந்த கட்டுரையின் சாரம் இது. இப்போது அது கைத்தொலைபேசி வழியாக ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு எல்லாம் சுற்றி வருகிறது. எழுதியவர் தீவகத்தவர், வயதில் மூத்தவர். அதனால் அண்ணர் என்றே சொல்கிறேன். மரியாதை அவருடைய வயதுக்கு. அவர் எழுதியிருக்கும் பேய்க்கதைக்கு அது கிடையாது.

கட்டுரை முழுக்கத் தேடினாலும் துரைசுவாமி யார் என்பதற்கு நாலு வரி கிடைக்காது. ஆளையே தெரியாமல் தீர்ப்பு எழுதினால் அப்படித்தான் இருக்கும். 1874 இல் பிறந்தவர். வேலணைக் குடும்பம். கல்கத்தாவில் படித்துப் பட்டம் பெற்று, பிறகு சட்டம் பயின்று அப்புக்காத்து ஆனவர். 1921 இல் சட்டநிரூபண சபைக்குப் போனார். 1936 இல் ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குள் நுழைந்து, அந்த ஆண்டு மார்ச் மாதமே சபாநாயகரானார். மொலமுறே, ஒபயசேகர இருவருக்கும் அடுத்து அந்தக் கதிரையில் அமர்ந்த மூன்றாமவர். 1947 இல் அரசாங்க சபை முடியும்வரை அவர்தான் சபாநாயகர். 1966 இல் காலமானார்.

கல்கத்தாப் படிப்பையும் அண்ணர் ஒரு குற்றமாக எழுதியிருக்கிறார். சொந்த மண்ணில் படிக்காமல் வங்காளம் போன மேட்டுக்குடி என்று ஒரு இடி. சொந்த மண்ணில் எங்கே படிப்பது? வட்டுக்கோட்டை செமினரி 1855 இலேயே மூடப்பட்டுவிட்டது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது 1921 இல், இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல். 1890களில் பட்டம் வேண்டிய யாழ்ப்பாணத்துப் பொடியன் பெரும்பாலும் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ கப்பலேறவேண்டியிருந்தது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சரித்திரம்.

பட்டத்துக்கு வருவோம். 1937 இல் துரைசுவாமிக்குச் சேர் பட்டம் கிடைத்தது. அண்ணருக்கு இது ஒன்றே போதும், அடிவருடி என்று முத்திரை குத்திவிட்டார். அதே கட்டுரையின் முன்பகுதியில் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் தமிழினத்தின் தவப்புதல்வர்கள் என்று மாலை போடுகிறார். அந்த இரண்டு சேரும் எந்த மன்னர் கொடுத்தது? பட்டம் பாவமென்றால் மூவருக்கும் பாவம். அவர்களுக்குப் பொறுக்கலாம் என்றால் இவருக்கு ஏன் பொறுக்கக் கூடாது? கட்டுரை இந்தப் பக்கமே திரும்பவில்லை.

அந்த 1937 இல் சபையில் என்ன நடந்தது என்பதை அண்ணர் ஒருதரம் எடுத்துப் பார்த்திருக்கலாம். பிரேஸ்கேடில் என்றொரு அவுஸ்திரேலிய இளைஞன். தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்தவன், சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து தோட்டத் தொழிலாளர் பக்கம் பேசத் தொடங்கினான். ஆளுநர் ஸ்டப்ஸ் அவனை நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு போட்டார். அவன் தலைமறைவானான். மே மாதம் அரசாங்க சபையில் ஆளுநரையே கண்டிக்கும் தீர்மானம் வந்தது. 34 பேர் ஆதரித்தார்கள், 7 பேர் எதிர்த்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. மன்னரின் பிரதிநிதியை மன்னரின் குடியேற்றச் சபை கண்டித்த காலம் அது. ஆளுநருக்குக் கால் பிடிக்கிற சபாநாயகர் என்றால், இது ஒழுங்குக்கு மாறானது என்ற ஒற்றை வசனத்தோடு அதை அப்போதே புதைத்திருக்கலாம். அவர் தலைமை வகித்த சபையில் அது வந்தது, விவாதிக்கப்பட்டது, வாக்குக்கு விடப்பட்டது, வென்றது. அடிவருடியின் வேலை இப்படியிருந்தால் அந்தக் காலத்து அடிவருடிகள் நல்லவர்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

கட்டுரையின் முதுகெலும்பு அந்த வாய்மூடிக் குற்றச்சாட்டு. 1936 முதல் 1947 வரை தமிழருக்காக ஒரு சொல் பேசவில்லை என்கிறார். சபாநாயகர் என்றால் யார் என்று தெரிந்த எவரும் இந்த வசனத்தை எழுதமாட்டார். விவாதத்தில் ஒரு பக்கம் நின்று பேசாதவர் என்பதாலேயே அவரை அந்தக் கதிரையில் இருத்துகிறார்கள். கோயில் மணியகாரர் தேரில் ஏறி நின்று தேவாரம் பாடவில்லை என்று கோபிப்பதைப் போன்ற கோபம் இது. அவர் வேலை தேரோட வழிவிடுவது.

ஆனாலும் அந்தப் பதவியால் தமிழருக்கு ஒரு நட்டம் இருந்தது. அதையும் அண்ணர் கண்டுகொள்ளவில்லை, நான்தான் எடுத்துத் தரவேண்டியிருக்கிறது. டொனமூர் யாப்பில் மந்திரி சபை இன்றையதைப் போல இருக்கவில்லை. அரசாங்க சபையில் தெரிவான 50 பேர், நியமன உறுப்பினர் 8 பேர், அரச அதிகாரிகள் 3 பேர். அதிகாரிகளையும் சபாநாயகரையும் நீக்கிவிட்டு மற்றவர்களை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ எட்டுப் பேர். குழு தன் தலைவரைத் தெரிவுசெய்யும், அந்தத் தலைவரே மந்திரி. சுகாதாரமோ கல்வியோ விவசாயமோ, முடிவுகள் குழு அறைக்குள் பிறந்தன. சபாநாயகருக்கு அந்த அறைகளில் இடமில்லை. அதாவது ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு 1936 இலிருந்து 1947 வரை எந்த நிர்வாகக் குழுவிலும் ஆள் இல்லை.

இது உண்மையான கேள்வி. துரைசுவாமியின் வாழ்க்கையை எடைபோடப் போகிறவர் இங்கேதான் தராசை வைக்கவேண்டும். அதே 1936 இல் ஏழு மந்திரிகளும் சிங்களவர் என்ற சபை அமைந்தது. பாரன் ஜயதிலக, டி. எஸ். சேனநாயக்க, பண்டாரநாயக்கா, கன்னங்கரா, டபிள்யூ. ஏ. டி சில்வா, கொத்தலாவல, ஜி. சி. எஸ். கொரியா. எந்தக் குழுவில் யாரை இருத்தினால் ஏழும் கையில் வரும் என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம் என்று அன்றிலிருந்து ஒரு பேச்சு உண்டு. அவரும் தமிழர்தான். மந்திரி சபையில் தமிழர் எவரும் இல்லாத அந்த நேரத்தில் சபாநாயகர் கதிரை ஒரு தமிழருக்குப் போனது. ஆறுதல் பரிசு என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். அப்படியொரு வாதத்தை யாராவது வைத்தால் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் துரைசுவாமி அந்தக் கதிரையை மறுத்துக் குழுவொன்றில் எட்டாவது ஆளாக இருந்திருந்தால் அந்தக் கணக்கு மாறியிருக்குமா என்பதற்கும் வாதிடுகிறவர் பதில் வைத்திருக்கவேண்டும். அண்ணரிடம் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. வாய்மூடி என்ற வசைமட்டும் இருக்கிறது.

அந்த வசையை 1944 க்கும் 1945 க்கும் இழுத்துக்கொண்டு போகிறார். சரி, அங்கேயும் போவோம். ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். 1944 மே மாதம் அது விவாதத்துக்கு வந்தபோது கிழக்கு உறுப்பினர் வி. நல்லையா தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை வைத்தார். திருத்தம் ஏற்கப்பட்டு, திருத்திய பிரேரணை 27 க்கு 2 என்று நிறைவேறியது. இரண்டு மொழியும் என்ற தீர்மானம் சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த ஒரு சபையில் நிறைவேறிய நாள் அது. மூலப் பிரேரணையின் உயிரையே மாற்றுகிற திருத்தம் இது, ஏற்கமுடியாது என்று தட்டிவிடக் கதிரைக்கு வழியா இல்லை? இவர் தலைமை வகித்த சபையில் அது தட்டப்படவில்லை. பிறகு 1956 இல் வேறொரு சபை வேறொரு சட்டம் செய்தது. அதற்கும் துரைசுவாமியைக் கூண்டில் ஏற்றிவிடாமல் அண்ணர் விட்டது புண்ணியம்.

1945 நவம்பர். சோல்பரி வெள்ளை அறிக்கையை ஏற்பதா இல்லையா என்று சேனநாயக்க தீர்மானம் வைக்கிறார். 51 க்கு 3 என்று நிறைவேறுகிறது. ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட ஜி. ஜி. பொன்னம்பலம் அப்போது லண்டனில். பேசவும் வாக்களிக்கவும் உரிமையோடு சபையில் இருந்த இலங்கைத் தமிழ் உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் ஒருவருமில்லை. எதிர்த்த மூவரில் ஒருவர் தகநாயக்கா. இதை எழுதாமல், வாக்களிக்கவே இடமில்லாத சபாநாயகரைப் பிடித்து நீ ஏன் பேசவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? கையுயர்த்தியவர்களை விட்டுவிட்டுக் கைகட்டப்பட்டிருந்தவனை அடிக்கிற நியாயம்.

இனி 1931. கட்டுரையில் அண்ணர் கண்ணீர் மல்க எழுதியிருக்கும் பகுதி இது. அந்த ஆண்டு யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் டொனமூர் யாப்பைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அதுதான் தீவகத்தின் பொற்காலம், அந்த வீரத்தை 1936 இல் துரைசுவாமி காட்டிக்கொடுத்தார் என்பது அண்ணரின் வாதம்.

வாலிப காங்கிரசை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஹண்டி பேரின்பநாயகமும் அவரோடு நின்ற இளைஞர்களும் முழுச் சுயராச்சியம் கேட்டவர்கள். சாதிக் கொடுமைக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் பலர் வாய் திறக்கப் பயந்த நாளில் திறந்தவர்கள். 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு. அவர்களுடைய நோக்கத்தில் களங்கமில்லை. ஆனால் நோக்கத்தைப் பாடிவிட்டு விளைவைப் பாய்க்குள் சுருட்டி வைக்கிறார் அண்ணர்.

விளைவு இதுதான். 1931 க்கு முன் இந்த நாட்டில் வாக்குரிமை இருந்தவர்கள் சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பேர். வருமானமும் எழுத்தறிவும் உள்ள ஆண்கள். 1921 இல் துரைசுவாமியைச் சட்டநிரூபண சபைக்கு அனுப்பியவர்களும் அந்த வட்டம்தான், அதை மறைப்பானேன். டொனமூர் யாப்பு 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கைக் கொடுத்தது. ஆசியாவிலேயே முதன்முறை. வேலணையில் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்தவனுக்கு, மெலிஞ்சிமுனைக் கடற்றொழிலாளிக்கு, பனையில் ஏறி இறங்கி மார்பு காய்ப்புப் பிடித்துப்போன சீவல் தொழிலாளிக்கு, நெடுந்தீவில் ஓலைப்பாய் இழைத்துக்கொண்டிருந்த கிழவிக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கு. அந்த முதல் வாக்கைப் போடப் பெட்டி வரவில்லை. தெற்கில் பெண்கள் வரிசையில் நின்று வாக்களித்த அதே ஆண்டில் தீவகத்துப் பெண்ணுக்கு வேட்பாளரே இல்லை. 1934 இல் இடைத்தேர்தல் அறிவித்து நெவின்ஸ் செல்வதுரை ஊர்காவற்றுறைக்கு உறுப்பினராகும்வரை தொகுதியின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

அந்த மூன்று வருடம் வடக்கின் நாலு குரல் இல்லாமலே முதல் மந்திரி சபை ஓடியது. தெற்கும் தங்களோடு சேர்ந்து பகிஷ்கரிக்கும் என்று வாலிப காங்கிரஸ் நம்பியது. தெற்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தேர்தலுக்குப் போனது. இவ்வளவும் தெரிந்த பிறகும் வெறுங்கதிரைக்குப் பூமாலை போடுகிறார். அதில் போய் இருந்தவனுக்குக் கல்லெறிகிறார். 1931 இல் துரைசுவாமியும் வேட்புமனுக் கொடுக்கவில்லை என்பது அண்ணருக்குத் தெரியுமோ தெரியாது. பகிஷ்கரிப்பு முடிந்து, இடைத்தேர்தல் முடிந்து, நாலு தொகுதியும் நிரம்பிய பிறகு வந்த பொதுத் தேர்தலில் உறுப்பினரானவர் எதைக் காட்டிக்கொடுத்தார்? 1934 இல் பருத்தித்துறையிலிருந்து போன ஜி. ஜி. பொன்னம்பலத்தைத் துரோகி என்று அண்ணர் எழுதவில்லை. எழுதவும் மாட்டார். மலர் விற்காது.

கடல் கடந்து ஒரு சாட்சியையும் அழைத்து வந்திருக்கிறார். ஆபிரகாம் லிங்கன். ஒரு சாதாரண மாநிலச் சட்டசபை உறுப்பினராக இருந்தபோதே தன் பகுதிக்குத் தலைநகரையும் ரெயிலையும் கால்வாயையும் கொண்டுவந்தாராம். மக்கள் பிரதிநிதி என்றால் அப்படி இருக்கவேண்டுமாம். துரைசுவாமி வேலணைக்கு என்ன கொண்டுவந்தார் என்று கேட்கிறார். சாட்சியைக் கூப்பிடுமுன் சாட்சி என்ன சொல்லும் என்று விசாரித்திருக்கலாம்.

லிங்கன் 1834 இலிருந்து நான்கு தவணை இலினோய் மாநிலச் சட்டசபையில் இருந்தார். தலைநகரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றியதில் அவருக்குப் பங்குண்டு, உண்மை. 1837 இல் ரெயில்பாதை, கால்வாய், ஆற்றுத் திருத்தம் என்று ஏறத்தாழ ஒரு கோடி டொலர் திட்டத்துக்கு முண்டுகொடுத்தார், அதுவும் உண்மை. அதே ஆண்டு அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்தது. ரெயில்பாதைகளில் ஒரு சிறு துண்டைத் தவிர மிச்சமெல்லாம் மண்மேடாகக் கிடந்தன. மாநிலம் வட்டி கட்டமுடியாமல் திண்டாடியது, கடன் பல வருடம் கழுத்தை நெரித்தது. 1840 இல் ஒரு வாக்கெடுப்புக்கு உறுப்பினர் எண்ணிக்கை சேரக்கூடாது என்று லிங்கனும் கூட்டாளிகளும் சபையின் யன்னலால் வெளியே குதித்தார்கள். அண்ணரின் முன்மாதிரிச் சட்டசபை உறுப்பினர் இவர்தான்.

லிங்கனின் அந்த எட்டு வருடத்தில் இன்றும் சரித்திரகாரர் எடுத்துப் பேசுவது வேறொன்று. 1837 மார்ச் 3 ஆம் திகதி, அடிமைமுறை அநீதியிலும் கெட்ட கொள்கையிலும் எழுந்தது என்ற மறுப்பொன்றைச் சபையின் ஏட்டில் பதியவைத்தார்கள். கையெழுத்து இரண்டு. ஒன்று டான் ஸ்டோன், மற்றது லிங்கன். அதற்குச் சில கிழமைக்கு முன் அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டிக்கும் தீர்மானத்தை 77 பேர் ஆதரித்து நிறைவேற்றிய சபை அது. எதிர்த்தவர் 6 பேர். அப்படியொரு சபையிலும் இரண்டு பேரின் மறுப்பை வாசிக்கவும் ஏட்டில் எழுதவும் விதி இருந்தது. அந்த விதியைக் காக்கத்தான் நடுவில் ஒருவரை இருத்துகிறார்கள். லிங்கனைக் கூட்டிவந்து அண்ணர் நிரூபித்தது இதைத்தான், வேறொன்றுமில்லை.

பாலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அண்ணரின் அளவுகோல் அதுதான்: பாலம் கொண்டுவந்தவன் தலைவன், மற்றவன் வெறும் ஆள். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற வழியில் ஆழமில்லாக் கடலைக் கிழித்துக்கொண்டு ஒரு பாதை ஓடுகிறது. இரண்டு பக்கமும் சிறகுவலைக் கம்புகள், நீர் வற்றுகிற நேரத்தில் கொக்குகள். அதன் பெயர் வாணர் பாலம். எந்தச் சபையின் எந்த உறுப்பினருடைய பெயரும் அதற்கு இல்லை. மலாயாவிலிருந்து திரும்பி வந்து, பாதை வேண்டும் என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய புங்குடுதீவுச் சகோதரர் அம்பலவாணர்களின் பெயர் அது. அந்தப் பாலத்தால் தினமும் போய்வருகிற சனத்துக்கு இது தெரியும். அதை நாடாளுமன்றப் பிரதிநிதிகளின் சாதனைப் பட்டியலில் சேர்த்து எழுத அண்ணருக்கு எப்படி மனம் வந்ததோ.

புங்குடுதீவோடு பாதை முடிகிறது. குறிகாட்டுவான் துறைக்கு ஒரு காலை போய்ப் பாருங்கள். நெடுந்தீவுக்குப் போகிற வள்ளத்தில் காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் சீமெந்துப் பையும் முதலில் ஏறும். பிறகு மோட்டார் சைக்கிளை நாலு பேர் தூக்கி உள்ளே வைப்பார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியைமார் பலகையில் கால்வைத்து இறங்குவார்கள். பிறகு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல். கச்சான் காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. நெடுந்தீவுக்கு இன்றுவரை பாலம் இல்லை. அண்ணரின் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் 1921 இலிருந்து இன்றுவரை தீவகத்தின் பெயரால் சபையேறிய அத்தனை பேரும் குற்றவாளிகள். துரைசுவாமிக்கு மட்டும் தனியாகக் கூண்டு செய்யத் தேவையில்லை.

ஆனால் அண்ணருக்கு 1956 க்குப் பிந்தியவர்கள் எல்லாரும் மாணிக்கங்கள். தீவகத்தின் அரசியல் வரலாறே அங்கேதான் தொடங்குகிறது என்கிறார். 1947 இல் ஊர்காவற்றுறைக்கு ஆல்பிரட் தம்பிஐயா என்றொரு நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார் என்பதையும் இந்தக் கணக்கு விழுங்கிவிட்டது. 1956 இல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா. அவர் 1963 இல் மறைந்ததும் இடைத்தேர்தலில் கரம்பனைச் சேர்ந்த வி. நவரத்தினம். பண்டா செல்வா ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் காலத்திலிருந்து கட்சியின் மூளைகளில் ஒருவர். 1968 இல் கட்சியை விட்டு விலகித் தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கினார். மற்றவர்கள் சமஷ்டி பேசிக்கொண்டிருந்த நாளில் தனியாட்சி பேசியவர். வாய் திறக்காதவர் என்று அவரை எவரும் சொல்லமுடியாது. 1970 தேர்தலில் அதே ஊர்காவற்றுறைத் தொகுதி அவரைத் தோற்கடித்துக் கா. பொ. இரத்தினத்தை அனுப்பியது. பேச்சுத்தான் அளவென்றால் நவரத்தினம் தோற்றிருக்கக்கூடாது. பாலம்தான் அளவென்றால் அவருக்கும் புள்ளி கிடைக்காது. அப்போ அவரையும் வரலாற்றிலிருந்து வெட்டிவிடுவதா? அண்ணர் வெட்டவில்லை, ஒரு பக்கம் முழுக்கப் புகழ்கிறார். புகழட்டும், தகுதியானவர். அந்தத் தராசைத் துரைசுவாமி வரும்போது மட்டும் ஏன் ஒளித்து வைத்தார் என்பதுதான் என் கேள்வி.

துரைசுவாமியைக் குற்றம் சொல்லவே கூடாது என்பவன் நான் அல்லன். அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. நூற்றுக்கு நாலு பேர் வாக்களித்த காலத்தில் அவர் யாருடைய பிரதிநிதி? தீவகத்தின் சாதிக் கட்டமைப்பின் மேற்படியில் பிறந்தவர் கீழ்ப்படியிலிருந்தவர்களின் கிணறு, கோயில், பள்ளிக்கூட வாங்கு பற்றி எவ்வளவு கவலைப்பட்டார்? ஐந்து வருடத்துக்குத் தெரிவான சபை போரைக் காரணம் காட்டிப் பதினொரு வருடம் இழுபட்டதே, சனத்திடம் திரும்பி வராமல் அத்தனை வருடம் கதிரையில் இருந்தது சரியா? அருணாசலம் காங்கிரசை விட்டு விலகிய பிறகு அறுந்துபோன நூலை முடிய 1925 இல் காங்கிரஸ் தலைவர் சி. ஈ. கொரியாவோடு வடக்குத் தலைவர்கள் செய்த மகேந்திரா ஒப்பந்தம் நிலைக்கவில்லை. அதில் முன்நின்றவர்களில் துரைசுவாமியும் ஒருவர். அது ஏன் தோற்றது, அவர் எங்கே பிழைவிட்டார்? ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குப் பொருள். உழைத்துத் தேடவேண்டிய பொருள். அண்ணர் கையில் எடுத்தது உழைப்பே வேண்டாத மூன்று சொற்கள்: அடிவருடி, வாய்மூடி, துரோகி.

கடைசியில் பெயர்ப்பலகை. வேலணை மத்திய கல்லூரிக்குச் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி மத்திய மகா வித்தியாலயம் என்ற பெயர் இருக்கக் கூடாது என்கிறார். கன்னங்கரா இலவசக் கல்விக்கு அடித்தளம் போட்டதும், கிராமப்புறங்களுக்கு மத்திய பாடசாலைகள் பரவியதும் துரைசுவாமி சபாநாயகராக இருந்த அரசாங்க சபையின் காலத்தில்தான். 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. காசு கட்டிப் பட்டணம் போக வழியில்லாத தீவகத்துப் பிள்ளைகள் உள்ளூரிலேயே ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்க அந்தத் திட்டம்தான் கதவு திறந்தது. அந்தக் காலத்தின் பெயரொன்று அந்த வாசலில் இருப்பது யாருக்கு இடைஞ்சல்?

பெயரை எடுக்கத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அண்ணர் நேரில் வரட்டும், பழைய மாணவர்களும் இருப்பார்கள். 1936 இலிருந்து 1947 வரையான அரசாங்க சபை ஹன்சாட் தொகுதிகளைப் புரட்டிவிட்டு வரட்டும். சபாநாயகரின் எந்தத் தீர்ப்பு எந்தத் திகதியில் தமிழருக்குப் பாதகமாக அமைந்தது என்று பக்க எண்ணோடு ஒன்றே ஒன்று காட்டட்டும். காட்டினால் பலகையைக் கழற்ற ஏணி பிடிக்க நானும் வருகிறேன். அதுவரை அந்தக் கட்டுரையை இன்னொரு தொலைபேசிக்குத் தள்ளிவிடுகிறவர்கள், அடியில் யாராவது ஹன்சாட் பார்த்தீர்களா என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் உபகாரமாக இருக்கும்.